ரெலிபோனில் பாடிய மனிதர்: அப்பாவின் ஜிம் ரீவ்ஸ்

போன மார்கழியில் ஒருநாள் விட்பி டன்டாஸ் வீதியில் இருக்கிற பலசரக்குக் கடை ஒன்றுக்கு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியே மைனஸ் பதினொன்று. உள்ளே நத்தார்ப் பாட்டுகள். பாலும் பாணும் எடுத்துக்கொண்டு திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. தேடிப்போய்ப் பார்த்தால், உறைந்த மீன் வைக்கிற கண்ணாடி அலுமாரிக்கு முன்னால், குளிர்த் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கூரையில் இருந்த சின்ன ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஜிம் ரீவ்ஸ் 'சில்வர் பெல்ஸ்' பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை ஆள் அசையவில்லை. அப்பா ஒரு கொக்குவில் சைவக்காரர். தேவாரம் பாடாமல் காலைத் தேத்தண்ணி குடிக்க மாட்டார். ஆனால் ஜிம் ரீவ்ஸ் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சமயம் கிடையாது.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள், யார் அந்தப் பாட்டுக்காரர் எண்டு. அவளுக்கு ஒன்பது வயது, பிறந்தது இஞ்சைதான். அமெரிக்காக்காரர், கன்ட்ரி பாடகர், செத்து அறுபது வருசம் தாண்டிவிட்டது என்று சொன்னேன். அப்படியென்றால் அம்மப்பா, அப்பப்பாமாருக்கெல்லாம் அவரை எப்படித் தெரியும் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பிரவுன் சிக்னலுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் இடையில் சொல்லி முடிக்கிற கதையில்லை அது.

ஜேம்ஸ் ட்ராவிஸ் ரீவ்ஸ் 1923 ஓகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸில், காலோவே என்ற சிறிய ஊரில் பிறந்தார். கார்த்தேஜ் என்ற பட்டினத்துக்கு அருகில் உள்ள இடம். ஏழை விவசாயக் குடும்பம், நிறையப் பிள்ளைகள், இவர் கடைசி. குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும் முன்னரே தகப்பன் இறந்துபோனார். தாய் மேரி பியூலா வயலில் பாடுபட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

பாட்டு அவருடைய முதல் ஆசை இல்லை. பேஸ்போல்தான் ஆசை. நல்ல வலக்கைப் பந்துவீச்சாளர். விளையாட்டுக்காகக் கிடைத்த உதவித்தொகையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சும் நாடகமும் படிக்கச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே விட்டுவிட்டு ஹூஸ்டனில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குப் போனார். 1944ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கீழ்நிலைக் கழகங்களில் ஆட ஒப்பந்தம் கிடைத்தது. மூன்று வருசம் ஓடியது. பிறகு பந்து வீசும்போது காலுக்கு இறங்கும் நரம்பில் காயம். விளையாட்டு அதோடு சரி.

1947ல் மேரி வைட் என்பவரை மணந்தார். டெக்சாஸ் ஹென்டர்சனில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை எடுத்தார். அந்த வேலைதான் பிற்காலத்து ஜிம் ரீவ்ஸை உருவாக்கியது என்பது என் எண்ணம். செய்தி வாசிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லி முடிப்பான். மூச்சு எங்கே விடுவது என்று தெரிந்திருக்கும். மைக்குக்கு முன்னால் கத்தத் தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து லூசியானா ஷ்ரீவ்போர்ட்டில் இருந்த கே.டபிள்யூ.கே.எச். வானொலிக்கு மாறினார். 'லூசியானா ஹேரைட்' என்ற புகழ்பெற்ற மேடை நிகழ்ச்சி அந்த நிலையத்துடையது. பாட வேண்டிய பெரிய பாடகர் ஒருநாள் வராமல் போக, அறிவிப்பாளரையே பாடச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. வராமல் போனவர் ஹாங்க் வில்லியம்ஸ் என்று சிலர் சொல்லுவார்கள், வேறு பெயர் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, மைக் கைமாறியது.

1953ல் 'மெக்சிக்கன் ஜோ' கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்து 'பிம்போ', அதுவும் முதலிடம். யூடியூப்பில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அறிந்த ஜிம் ரீவ்ஸ் அவற்றில் இல்லை. குரல் உயரத்தில் துள்ளுகிறது, வேகம், கும்மாளம். அப்பாவுக்கு முதல் தடவை இவற்றைப் போட்டுக் காட்டியபோது, வேறு ஆளின் பாட்டுக்கு இவர் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று வாதாடினார். 1955ல் ஆர்.சி.ஏ. விக்டர் கொம்பனி அவரை ஒப்பந்தம் செய்தது. அதே வருசம் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி'யிலும் சேர்ந்தார். கன்ட்ரி பாடகருக்கு அது எங்கள் சங்கீத வித்துவானுக்கு மார்கழி சபா மேடை மாதிரி.

1957ல் 'ஃபோர் வோல்ஸ்' என்ற பாட்டு வந்தது. அது ஒரு பெண் பாட வேண்டிய பாட்டு என்று தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் நினைத்தார். ரீவ்ஸ் விடவில்லை. வழக்கமாக மைக்கிலிருந்து தள்ளி நின்று உரத்துப் பாடுவதுதான் அந்தக் காலத்துக் கன்ட்ரி முறை. இவர் உதடு மைக்கைத் தொடுமளவுக்குக் கிட்டப் போய், குரலை இறக்கி, பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பது போலப் பாடினார். கன்ட்ரி பட்டியலில் முதலிடம். பொப் பட்டியலில் பதினோராம் இடம்.

இதற்குப் பின்னால் ஒரு சின்னப் பொறியியல் இருக்கிறது. ஒரு திசையைப் பார்த்து ஒலியை வாங்கும் மைக்குகளுக்குக் கிட்டப் போகப் போக, குரலின் கீழ்ச் சுருதிகள் தடித்துக் கேட்கும். மெல்லப் பாடினாலும் குரல் நெஞ்சிலிருந்து வருவது போல இருக்கும். ரீவ்ஸ் மைக்கை ஒரு வாத்தியமாகவே வாசித்தார் என்று சொல்லலாம். கூடவே செட் அட்கின்ஸும் மற்றவர்களும் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பியானோ, வைப்ரஃபோன், மெல்லிய கோரஸ் என்று வைத்தார்கள். நாஷ்வில் சவுண்ட் என்று அதற்குப் பெயர் வந்தது. பழைய கன்ட்ரி ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவே இல்லை. மண்ணைக் கழுவிவிட்டுத் தட்டில் வைத்த கிழங்கு மாதிரி என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேணும்.

இனி அந்தப் பாட்டு. 'ஹீ'ல் ஹாவ் ரு கோ'.

எழுதியவர்கள் ஜோ அலிசன், ஓட்ரி அலிசன் என்ற கணவன் மனைவி. ஓட்ரிக்கு மெல்லிய குரல். ரெலிபோனில் கதைத்தால் ஜோவுக்குக் கேட்காது, வாயை ரிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோ என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்ததாம். அந்தத் தொல்லையிலிருந்து பாட்டு பிறந்தது. பில்லி பிரவுன் என்பவர் 1959ல் முதலில் பாடினார், எடுபடவில்லை. அதே வருசம் ஒக்டோபரில் ரீவ்ஸ் நாஷ்வில்லில் பதிவு செய்தார். பியானோவில் ஃப்ளொய்ட் கிரேமர், பின்குரலில் அனிற்றா கெர் குழுவினர். ஆர்.சி.ஏ. அதை முக்கியமான பாட்டாக நினைக்கவில்லை. 'இன் எ மான்ஷன் ஸ்ராண்ட்ஸ் மை லவ்' என்ற வேறொரு பாட்டை ரெக்கோட்டின் முன்பக்கத்தில் வைத்து, இதைப் பின்பக்கத்தில் போட்டார்கள். வானொலிக்காரர்கள்தான் ரெக்கோட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

1960 பெப்ரவரியில் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்து 14 வாரம் அங்கேயே இருந்தது. பொப் பட்டியலில் இரண்டாம் இடம். பேர்சி ஃபெய்த்தின் 'எ சமர் பிளேஸ்' இசை முதலிடத்தில் குந்திக்கொண்டு எழும்பாததால் மேலே போக முடியவில்லை. கறுப்பின மக்கள் கேட்ட ஆர் அண்ட் பி பட்டியலிலும் ஏறியது. பிறகு சோலமன் பேர்க் அதைப் பாடினார், ரை கூடர் அக்கோடியனோடு மெக்சிக்கன் எல்லை வாசனையில் பாடினார். அந்தப் பாட்டுக்கு ஒரு பெண்ணின் பதிலாக ஜீன் பிளாக் 'ஹீ'ல் ஹாவ் ரு ஸ்ரே' என்று பாடி, அதுவும் ஹிட். ஒரு கன்ட்ரி பாட்டு வேலி தாண்டுவது என்றால் இதுதான். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், சிலோன் மனோகரின் 'சுராங்கனி' பைலா மேடையிலிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி.

பாட்டின் கதை சின்னது. ஒருவன் மதுக்கடையிலிருந்து தன் காதலிக்கு ரெலிபோன் எடுக்கிறான். அவளோடு வேறொருவன் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஆள் இருப்பதால் அவளால் மனம்விட்டுக் கதைக்க முடியாது என்றும் தெரியும். அதனால் ஓம் அல்லது இல்லை என்ற ஒரு பதிலை மட்டும் கேட்கிறான். அவள் பதிலை நாங்கள் கேட்பதே இல்லை. பாட்டு முழுவதும் கம்பியின் ஒரு முனை மட்டும்தான்.

அப்பாவுக்கு இந்தப் பாட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கனகாலம் எனக்கு விளங்கவில்லை.

அப்பா அதை முதலில் கேட்டது அறுபதுகளின் நடுவில், கொக்குவிலில், ஒரு மாமா வீட்டு வால்வு ரேடியோவில். இலங்கை வானொலியின் ஆங்கில சேவை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த சிற்றலை ஒலிபரப்பி பிறகு இலங்கையிடம் வந்தது. அதன் பலத்தில் அந்த வானொலி இந்தியா முழுக்கக் கேட்டது. இந்திக்காரருக்கு அமீன் சயானி, எங்களுக்கு மயில்வாகனம், ஆங்கிலம் கேட்டவர்களுக்கு ஜிம் ரீவ்ஸ். அமெரிக்காவில் அவரை மறந்துபோனவர்கள் இருக்கலாம். கொழும்பிலும் சென்னையிலும் கோவாவிலும் நாகாலாந்திலும் மறக்கவில்லை. காரணம் பெரிய மர்மம் இல்லை. சிற்றலையில் இரைச்சல் கூட. வேகமான பாட்டு அதில் கரைந்துபோகும். இவருடைய தாழ்ந்த, நிதானமான குரல் இரைச்சலுக்கு அடியால் வந்து சேர்ந்தது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாகப் படித்த ஒரு பள்ளிக்கூடப் பெடியனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆங்கில வாத்தியார் சொல்லித்தராத உச்சரிப்பை அப்பா இவரிடம்தான் பழகினார்.

நான் 1987ல் பிறந்தவன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். அப்பாவிடம் ஒரு ஜிம் ரீவ்ஸ் கசெற் இருந்தது. செய்தி முடிந்தபிறகு ஒரேயொரு பாட்டு என்று கெஞ்சுவார். பெடல் சுற்றுவது என் வேலை. களைத்துப்போய் மெதுவாகச் சுற்றினால் ஜிம் ரீவ்ஸ் இன்னும் தாழ்ந்த குரலில், குடித்தவர் மாதிரிப் பாடுவார். எனக்குச் சிரிப்பு, அப்பாவுக்குக் கோபம்.

பிறகு 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, அடுத்த வருசம் திரும்பி வந்தது எல்லாம் இதை வாசிக்கிற பலருக்கும் தெரிந்த கதை, விடுகிறேன். நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் கடைசியில் யாழ்ப்பாண ரவுணில் இருந்த ஒரு கொமினிகேஷன் கடையைப் பற்றி. ஸ்காபரோவில் இருந்த சித்தப்பா நாள், நேரம் குறித்துக் கடிதம் போடுவார். நாங்கள் போய்க் காத்திருப்போம். கதைக்கிற பெட்டிக்குக் கதவு இருந்தது, கண்ணாடி இல்லை. சுற்றிவர வாங்கில் இருபது பேர். அதில் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. மணி அடிக்கும். அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடிப்பார். பிறகு பத்து நிமிசமும் ஓம், இல்லை, ஓம், ஓம், இல்லை. அவ்வளவுதான். சித்தப்பா அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டிருப்பார்? மச்சானைப் பற்றித் தகவல் உண்டா, காசு வந்ததா, பெடியனை வெளியில் அனுப்புகிற யோசனை இருக்கா. அப்பாவுக்குச் சித்தப்பாவில் கோபம் என்றுதான் எனக்குப் பன்னிரண்டு வயதில் பட்டது. இல்லாவிட்டால் வருசத்துக்கு இரண்டு தரம் வருகிற கோலில் மனிசன் இப்படி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லில் கதைப்பாரா?

பேராதனையில் இன்ஜினியரிங் படித்து, வேலை செய்து, 2014இல் இஞ்சை வந்து, ஸ்காபரோவில் வீட்டு விலை கட்டாமல் ஏஜாக்ஸ் தாண்டி விட்பிவரை தள்ளிப்போய்க் குடியேறி, அப்பாவைக் கூப்பிட்ட பிறகுதான் இது துலங்கியது. ஒருநாள் 401இல் நெரிசலில் நிற்கும்போது காரில் அந்தப் பாட்டு ஓடியது. அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு அந்தக் கொமினிகேஷன் கடையின் பெயரைச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, ரீவ்ஸுக்கு வருவோம். புகழ் வந்தபிறகு அவர் நிறையப் பயணம் செய்தார். 1962ல் செட் அட்கின்ஸ், ஃப்ளொய்ட் கிரேமரோடு தென்னாபிரிக்கா போனார். அங்கே அவருக்கு இருந்த கூட்டம் எல்விஸுக்குச் சமம். ஆபிரிக்கான்ஸ் மொழியில் பாட்டுகள் பதிவு செய்தார். அடுத்த வருசம் திரும்பப் போய் 'கிம்பர்லி ஜிம்' என்ற படத்தில் நடித்தார். 1963இல் அயர்லாந்து. அங்கே மண்டபங்களில் இருந்த பியானோக்கள் சுருதி கெட்டுக் கிடந்ததால் ஆள் மிகவும் எரிச்சல்பட்டார். ஜென்டில்மன் ஜிம் என்ற பட்டம் இருந்தாலும் வேலை விஷயத்தில் கடும் கறாரானவர். 1964 ஏப்ரலில் நோர்வே.

தென்னாபிரிக்காவைப் பற்றி நான் அப்பாவோடு கதைத்தால் முகம் மாறிவிடும். 1962 என்றால் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். ஷார்ப்வில்லில் ஆட்களைச் சுட்டு இரண்டு வருசம். மண்டேலாவைப் பிடித்ததும் அதே வருசம். 1860இல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழரின் பேரப்பிள்ளைகளை, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் வீட்டை விட்டு எழுப்பிக்கொண்டிருந்த நாடு அது. அந்த நாட்டு வெள்ளையரின் மொழியில் எங்கள் அப்பாவின் பாட்டுக்காரர் கொஞ்சிப் பாடினார். அந்தக் காலத்தில் பல கலைஞர்கள் போனார்கள், இவர் அரசியல் பேசுகிறவரும் இல்லை என்பது அப்பாவின் வாதம். கொழும்பில் எரிகிற நேரத்தில் யாராவது வந்து கொண்டாட்டமாகப் பாடியிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்பது என் வாதம். இரண்டு மூன்று தரம் சாப்பாட்டு மேசையில் இது சண்டையாகவே போயிருக்கிறது. எனக்கு அவர் பாட்டு பிடிக்கும். அந்தப் பயணம் பிடிக்காது. மகளுக்குச் சொல்லும்போது இரண்டையும்தான் சொன்னேன்.

1964 ஜூலை 31. ரீவ்ஸ் ஒரு காணி விஷயமாக ஆர்கன்சாவில் பேட்ஸ்வில் வரை போய்விட்டு, ஒற்றை இயந்திரச் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு நாஷ்வில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் அவருடைய பியானோக்காரரும் மேலாளருமான டீன் மானுவல். நகரத்தை நெருங்கும்போது இடியும் மழையும். மேகத்துக்குள் போனபிறகு எது மேல் எது கீழ் என்று உடம்பு பொய் சொல்லத் தொடங்கும், பழக்கம் குறைந்த விமானிகளுக்கு வருகிற ஆபத்து அது. விமானம் பிரென்ட்வுட் பகுதிக் காட்டில் விழுந்தது. இரண்டு நாள் தேடினார்கள். மார்ட்டி ராபின்ஸ், ஏர்னெஸ்ட் டப் மாதிரிப் பாடகர்களும் காட்டுக்குள் இறங்கித் தேடினார்கள். ஓகஸ்ட் 2 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். நாற்பத்தொரு வயதாக மூன்று கிழமை இருந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் விசித்திரம். பதிவு செய்து வெளியிடாத பாட்டுகள் நிறைய இருந்தன. மனைவி மேரி அவற்றை ஒவ்வொன்றாக வெளியே விட்டார். சில வெறும் மாதிரிப் பதிவுகள், அவற்றுக்குப் பிறகு இசை சேர்த்தார்கள். சிண்டி வோக்கர் எழுதிய 'டிஸ்ரன்ட் டிரம்ஸ்' அப்படி வந்ததுதான். 1966ல், பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த பிரித்தானியாவில், செத்து இரண்டு வருசமான ஒருவர் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தார். போர் முரசு தூரத்தில் கேட்கிறது, அதற்கு முன் கலியாணம் செய்வோம் என்று ஒருவன் கேட்கிற பாட்டு. வியட்நாம் போர்க் காலம் என்பதால் அமெரிக்காவில் அது வேறு அர்த்தத்தில் கேட்டது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அந்தப் பாட்டைப் போட விடமாட்டா. பலாலிப் பக்கம் ஷெல் குத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தவவுக்கு முரசைப் பற்றிப் பாட்டு என்னத்துக்கு?

1967இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், அவருக்கு ஒரு வருசம் முன்னர் விமான விபத்தில் இறந்த பாட்ஸி கிளைனின் குரலையும் இவர் குரலையும் ரேப்பில் ஒட்டி, சேர்ந்து பாடியது போல ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதுவும் ஹிட். இன்றைக்கு ஏஐ குரல் என்று நாங்கள் அலறுகிறோம்.

கார்த்தேஜ் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக அவருடைய சமாதி இருக்கிறது. முழு உருவச் சிலையும் உண்டு. விட்பியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேலே. இந்தக் கோடையில் போவோமா என்று அப்பா பங்குனியில் ஒருநாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் கேட்காதவர் போலக் கேட்டார். எனக்கும் பிள்ளைக்கும் கனேடியப் பாஸ்போட், பிரச்சினை இல்லை. அப்பாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட். அமெரிக்க விசா எடுக்க வேணும், நேர்முகத்துக்கு ரொறன்ரோ போக வேணும்.

போன கிழமை இரவு மகள் பக்கத்தில் இருக்க, விண்ணப்பத்தைக் கொம்பியூட்டரில் நிரப்பினோம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று தெரிவு செய்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அது சரியில்லை, செத்தவீடு என்று போட இடமிருக்கோ பார் என்றார்.